இரட்டைப் பரிவர்த்தனைச் செம்மல்

அப்பாசாமிக்குக் கேட்காமலே பணம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் வெட்கப்பட ஆரம்பித்தது அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. இடையில் கிடந்த பத்து நாளைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

திருவிடந்தையில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். பன்னிரண்டு வருடம் தண்ணீர் கேன் ஏற்றி இறக்கியதில் இடுப்பு போய்விட்டது. வண்டியை விற்றுவிடப் போகிறேன் என்று சொன்னதும், வாங்கிக்கொள்கிறேன் என்று வந்தவள் நெம்மேலி மேரி. மீன் வியாபாரம் செய்கிறவள். ஐஸ் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று சொந்த வண்டிக்கு அலைந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் ஆல்வின் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். பேங்க் வழியாக அனுப்பினால் கமிஷன் பிடிக்கிறார்கள் என்று, சேர்த்த சம்பளத்தை அலைக்காசாக மாற்றி அவள் ஃபோனுக்கு அனுப்பியிருந்தான். வண்டிக்கு விலை நானூறு அலைக்காசு என்று பேசி முடித்தார்கள்.

அலைக்காசு கையில் பிடிக்க முடியாத காசு. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதி வைக்கும் ஏடு ஒன்று உண்டு, அந்த ஏட்டின் நகல் ஆயிரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஆகவே பொய்க் கணக்கு எழுத யாராலும் முடியாது என்று திருவிடந்தைத் தேரடியில் கடை போட்டு, தொப்பியும் பனியனும் கொடுத்து விளக்கியிருந்தார்கள். விளக்கம் புரியவில்லை என்றாலும் தொப்பி சரியாக இருந்ததால் அப்பாசாமியும் ஃபோனில் ஏற்றிக்கொண்டார்.

இதையெல்லாம் நடத்துவது அலைக்காசு அறக்கட்டளை. அதற்குத் தலைவர் கிடையாது. அதுதான் அதன் பெருமை. தலைவர் என்று ஒருவர் இருந்தால் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்துவிடும் என்பதால், பதினோரு பேர் கொண்ட தலைமையின்மைக் குழு ஒன்றை அமைத்திருந்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் ஆதித்யா. அவருக்கு ஈசிஆரில் கடலைப் பார்த்த அலுவலகமும், 'இங்கே தலைவர் இல்லை' என்று எழுதிய கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையும் இருந்தன.

அந்த ஆடி மாதம் குழுவுக்குள் ஒரு சண்டை. ஏட்டில் பக்கத்துக்கு முப்பது வரி எழுதுவதா, முப்பத்திரண்டு வரி எழுதுவதா என்று. ஆறு பேர் முப்பது என்றார்கள். ஐந்து பேர் முப்பத்திரண்டு என்று சொல்லி, பெஞ்சமின் என்பவர் தலைமையில் வெளியேறினார்கள். போகிறபோது ஏட்டையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆக, அன்றுவரை எழுதிய பக்கமெல்லாம் இரண்டு ஏட்டிலும் ஒன்றே. முந்தின நாள் நானூறு காசு வைத்திருந்த மேரிக்கு, மறுநாள் காலையில் பழைய அலை நானூறும் புதிய அலை நானூறும் இருந்தன. பாகப்பிரிவினையில் சொத்து குறைந்துதான் ஊர் பார்த்திருக்கிறது. கூடியதை அப்போதுதான் பார்த்தது.

மேரி கணக்குப் போட்டாள். பழையதைக் கொடுத்து வண்டி. புதியது பாதி விலைதான் போகும் என்றாலும், அதை விற்று மகள் ஷாரோனை மதுராந்தகத்தில் நர்சிங் கல்லூரியில் சேர்ப்பது.

இதில் ஒரு சங்கதி இருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. பழைய ஏட்டுக்காக அவள் ஃபோனில் விரல் வைத்துக் கையெழுத்துப் போட்ட சீட்டில் 'மேரியின் நானூறு அப்பாசாமிக்கு' என்று இருந்ததே தவிர, எந்த ஏட்டு நானூறு என்று இல்லை. அதே சீட்டைப் புதிய ஏட்டில் கொண்டுபோய்ப் போட்டாலும் செல்லும். கையெழுத்து அவளுடையதுதானே. இரண்டு பக்கத்து எந்திரங்களும் ஒன்றின் வாயை ஒன்று பார்த்துக்கொண்டே இருந்ததால், கொண்டுபோய்ப் போட ஆள்கூடத் தேவைப்படவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேரி வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, ஃபோனில் விரல் வைத்தாள். அப்பாசாமியின் ஃபோன் டிங் என்றது. சாவியைக் கொடுத்தார். வண்டி முக்கு திரும்பிய பிறகு இன்னொரு டிங்.

பார்த்தால் பழையது நானூறு, புதியது நானூறு.

முதல் நாள் மனைவி தனகோடியிடம் ஃபோன் கோளாறு என்றார். இரண்டாம் நாள் கம்பெனி கொடுத்த போனஸ் என்றார். மூன்றாம் நாள் எதுவும் சொல்லாமல் ஒரு கிலோ கறி எடுத்துக்கொண்டு வந்தார். ஐந்தாம் நாள் மத்தியானம் மேரி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாத்த, வண்டிக்கு குட்த காசு ஒனக்கு ரெண்டு தபா வந்துச்சா? எங்கிட்ட பழசும் இல்ல, புதுசும் இல்ல. இன்னா ஏதுன்னே தெரில."

"ஒரு தபாதாம்மா வந்துச்சு," என்றார் அப்பாசாமி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நல்லா தேடிப் பாத்தியா?" என்றும் கேட்டார்.

மேரி கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்துவிட்டு, "நாந்தான் எங்கியோ தப்பா அமுக்கிட்டேன் போலகீது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு லோடு ஆட்டோ சத்தம் கேட்டால் அப்பாசாமி டீக்கடைக்குள் போய்விடுவார். பன்னிரண்டு வருடம் ஓட்டிய வண்டி. அதன் சத்தம் கால் கிலோமீட்டர் தூரத்திலேயே அவருக்குத் தெரியும்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை காலையில் சத்தம் வரவில்லை. வண்டி முன்பே வந்து கோயில் குளத்தோரம் நின்றிருந்தது. ஷாரோன் ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, காலேஜ் போலயா?" என்று கேட்டார். கேட்காமல் போயிருக்க முடியாது, நேருக்கு நேர் வந்துவிட்டார்.

"எங்க மாமா? அம்மா காச தொலச்சிட்டாங்க. ரெண்டு தபா கையெழுத்து போட்டுட்டாங்களாம், கம்பெனிக்காரங்களே சொன்னாங்க. நான் வேற கண்டபடி திட்டிட்டேன். ரெண்டு நாளா சரியா துன்னாம குந்திகினு கீறாங்க." பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்தாள். ஐஸ் தண்ணீர் என்று அப்பாசாமி நினைத்துக்கொள்ளப் பார்த்தார்.

படவேண்டிய வெட்கம் தன் வீட்டுக்கு வராமல் நெம்மேலியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்த பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போனார்.

அறக்கட்டளையின் உதவி மையம் அங்கே ஒரு மொபைல் கடையின் மாடியில் இருந்தது. பிரிவுக்குப் பிறகும் இரண்டு தரப்புக்கும் அதுதான் மையம். மேசையின் இடப்பக்கம் பழைய அலை, வலப்பக்கம் புதிய அலை. மக்கள் நல்லுறவு இயக்குநர் சீனு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இங்குமங்கும் உருண்டுகொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார், லாஸா, கெயினா?"

"அடுத்தவங்க காசு எங்கிட்ட வந்துட்ச்சு சார். திருப்பிக் குடுக்கணும்."

"கெயின்," என்று சொல்லிக்கொண்டே சீனு வலப்பக்கம் உருண்டு ஒரு தாளை எடுத்தார். "பயனடைந்தோர் படிவம். நெட்வொர்க்கால உங்களுக்குக் கிடைச்ச நன்மைய அஞ்சு வரிக்கு மிகாம எழுதுங்க."

"நான் பயனடையல சார். திருடிட்டேன்."

சீனு பேனாவைக் கீழே வைத்தார். "அந்த வார்த்தை நம்ம சிஸ்டத்துல இல்ல சார். கையெழுத்து அந்தம்மாவோடதா? ஆமா. ஏடு ஏத்துக்குச்சா? ஏத்துக்குச்சு. ஏடே ஏத்துக்கிட்டப்புறம் அதைத் தப்புன்னு சொல்ல நீங்க யாரு சார்?"

"அவங்க வந்து கேட்டப்போ வரலன்னு பொய் சொல்லிட்டேன்."

"வாயால சொன்னீங்களா, ஏட்டுல எழுதினீங்களா?"

"வாயாலதான்."

"அப்போ அது பதிவாகல. கவலைப்படாதீங்க." சீனு இடப்பக்கம் உருண்டார். "இதோ, அந்தம்மா குடுத்த இழந்தோர் படிவம். எவ்ளோ தெளிவா பூர்த்தி பண்ணியிருக்காங்க பாருங்க. இந்த மாதிரி எல்லாரும் இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்ல."

படிவத்தில் 'தவறு யாருடையது?' என்ற கேள்விக்கு மூன்று விடைகள் அச்சிடப்பட்டிருந்தன. என்னுடையது. பெரும்பாலும் என்னுடையது. முழுக்க முழுக்க என்னுடையது. மேரி மூன்றாவதில் டிக் அடித்திருந்தாள். பேனாவை அழுத்திப் பிடித்ததில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

அப்பாசாமி பயனடைந்தோர் படிவத்தை வாங்கி, ஐந்து வரியில் எழுதினார்: 'மேரியின் காசு என்னிடம் வந்தது. கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் வைத்திருந்தேன். கறி எடுத்துச் சாப்பிட்டேன். மன்னிக்கவும்.' சீனு வரிகளை எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கவே முத்திரை குத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பாசாமிக்குப் பொறுக்கவில்லை. யாரைக் கேட்க வேண்டும், நானே அனுப்பிவிடுகிறேன் என்று திருப்போரூர் தாண்டும்போது ஃபோனை எடுத்தார். புதிய அலை நானூறு, மேரிக்கு. அமுக்கினார். மனசில் இருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் பழைய அலையும் போய்விட்டது.

அவரும் கையெழுத்துதான் போட்டிருந்தார். அவர் சீட்டிலும் எந்த ஏடு என்று இல்லை.

இப்போது மேரியிடம் வண்டியும் இருந்தது, இரண்டு காசும் இருந்தன. அப்பாசாமியிடம் இடுப்பு வலி இருந்தது. நெம்மேலியில் இறங்கி அவள் வீட்டுக்கு நடந்தார். ஷாரோன் இல்லை. மேரி வாசலில் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"மேரிம்மா, ஒன் காச அனுப்பிட்டேன், பாரு."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள். "ரெண்டும் வந்துகீதே."

"ஒண்ணுதான் அனுப்னேன். கூடவே அதுவும் பூட்ச்சு."

"அப்போ ரெண்டும் ஒங்கிட்டதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் வந்து கேட்டன்னிக்கும்?"

"அன்னிக்கும்."

மேரி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லா தேடிப் பாத்தியான்னு வேற கேட்ட அண்ணாத்த," என்றாள், ஏதோ மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிறவள்போல. பிறகு, "பழசு ஒன் வண்டிக் காசு. எனக்கு வாணாம்," என்று சொல்லி அங்கேயே நின்று திருப்பி அனுப்பினாள்.

டிங். டிங். இரண்டும் மறுபடி அப்பாசாமியிடம் வந்தன.

அதற்கடுத்த நாட்களில் அவர்கள் செய்து பார்க்காதது இல்லை. அப்பாசாமி அனுப்பியதும் இருவரும் ஃபோனை அணைத்துப் பார்த்தார்கள். அவர் திருவிடந்தையிலிருந்தும் அவள் மாமல்லபுரம் லைட்ஹவுஸ் பக்கமிருந்தும் அனுப்பிப் பார்த்தார்கள். உதவி மையத்தில் கேட்டபோது, இரண்டு நாள் இடைவெளி விட்டால் ஏடு மறந்துவிடும் என்று சீனு சொன்னதை நம்பி அதையும் செய்தார்கள். ஏடு மறக்கவில்லை. புதியதை மட்டும் விற்கலாம் என்றால், கூடவே பழையதும் வாங்குகிறவனிடம் போய்விடும். மொத்தம் ஆறு தடவை அந்தக் காசுகள் ஜோடியாகவே போய் ஜோடியாகவே வந்தன. ஒவ்வொரு தடவையும் அறக்கட்டளைக்கு ஒரு காசு கட்டணம், இரண்டு ஏட்டிலும். இத்தனை நாளில் மேரி அவரிடம் பேசியது மூன்றே வார்த்தைதான்: 'அனுப்பு', 'வந்துட்ச்சு', 'அனுப்பறேன்.' ஷாரோனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை என்று அப்பாசாமிக்குத் தெரிந்தது, ஏனென்றால் வழியில் பார்த்தால் அந்தப் பெண் இன்னும் "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டாள்.

கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள் அவருக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. நாளை மாமல்லபுரத்தில் நடைபெறும் ஒருமைப்பாட்டு மாநாட்டுக்கு மேரி அவர்களுடன் வருக.'

ஐந்து வரி வேலை செய்துவிட்டது என்று நினைத்தார். மறுநாள் காலையில் தனகோடி வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். மாநாட்டு வாசலில் மேரி நின்றிருந்தாள்.

"மூணு மணிக்குள்ள மதுராந்தகத்துல கட்டணும். காசு வரும்னு சொன்னேன், ஷாரோனு காலைலயே போயி லைன்ல நிக்குது," என்றாள் மேரி. அந்த மூன்று வார்த்தைக்கு மேல் அவள் பேசியது அன்றைக்குத்தான்.

மாநாட்டுக்கான கல்யாண மண்டபத்தைப் பிரிவுக்கு முன்பே பேசி, முன்பணமும் கட்டியிருந்தார்கள். யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் நடுவில் திரை கட்டிக்கொண்டார்கள். இடப்பக்கம் ஒரு ஒருமைப்பாட்டு மாநாடு, வலப்பக்கம் ஒரு ஒருமைப்பாட்டு மாநாடு. இரண்டு குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரையும் பிரிவுக்கு முன்பே எழுதி வைத்தது என்பதால், திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே உரை ஒரு வரி முன்பின்னாகக் கேட்டது. ஒரு பக்கம் 'வருக' என்றால் மறுபக்கம் 'வருக வருக' என்றது.

ஆதித்யா பேசினார். "பிரிவு, பிரிவு என்கிறார்கள். பிரிவு என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருந்தால் அதை நடத்தியவர்கள் அவர்கள்." திரைக்கு அப்பால் பெஞ்சமினுக்கும் அப்போது கைதட்டல் கேட்டது. அவரும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும்.

பதினொன்றரைக்கே சாப்பாடு. சமையல் காண்டிராக்டர் குமார் கரண்டியோடு மேடைக்கே வந்துவிட்டார். "சார், முந்நூறு சீட்டுதான் அடிச்சீங்க. நானூத்தி அம்பது எலை போட்டாச்சு. ஒரே சீட்ட இந்தாண்ட காட்டித் துன்னுட்டு, அதையே அந்தாண்ட காட்டித் துன்றானுங்க."

இதை ஆராய இரு தரப்பிலும் ஒரு கூட்டுக்குழு அமைக்கலாம் என்று ஆதித்யா சொன்னார். குமார் அதுவரை காத்திருக்கவில்லை. பந்தி வாசலில் நின்று, உள்ளே வருகிறவன் சீட்டின் மூலையைக் கிழித்துக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் இரண்டாம் சாப்பாடு நின்றுபோனது. அப்பாசாமி கிழிந்த தன் சீட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குத் திரையை விலக்கினார்கள். அன்றைய நாளில் இரு தரப்பும் சேர்ந்து நடத்திய ஒரே நிகழ்ச்சி அதுதான். சீனு மைக்கைப் பிடித்தார்.

"பழைய ஏட்டில் இந்த மாதம் அதிகப் பரிவர்த்தனை செய்தவர்கள் யார்? திருவிடந்தை அப்பாசாமி, நெம்மேலி மேரி! புதிய ஏட்டில் யார்? அதே அப்பாசாமி, அதே மேரி! ஊரெல்லாம் காசைப் பூட்டி வைத்திருந்த நேரத்தில், ஓயாமல் அனுப்பி, ஓயாமல் பெற்று, நம் இரு அலைகளுக்கும் உயிர் கொடுத்த இவர்களுக்கு 'இரட்டைப் பரிவர்த்தனைச் செம்மல்' பட்டம் வழங்கப்படுகிறது!"

யாரோ அப்பாசாமியைத் தோளில் தட்டி மேடை ஏற்றினார்கள். ஆதித்யா பொன்னாடை போர்த்தினார். பெஞ்சமின் தன் பங்குக்கு, அன்று காலை புதிய ஏட்டில் பிறந்த ஒரு காசை அவர் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னார். பழைய ஏட்டில் இல்லாத காசு, நம் கையால் முதன்முதல் இவருக்கு என்று அழுத்திச் சொன்னார். மேரி மேடைக்கு வர மறுத்து மூன்றாவது வரிசையிலேயே நின்றாள். படம் எடுப்பவர், "சார், சிரிங்க," என்றார்.

அப்பாசாமி மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நான் செம்மலெல்லாம் இல்லீங்க. இந்தம்மா காசு எங்கிட்ட தப்பா வந்துச்சு. வந்து கேட்டாங்க. இல்லன்னு பொய் சொன்னேன். பத்து நாளு மறச்சி வெச்சிருந்தேன். அவங்க தம்மேலதான் தப்புன்னு எழுதிக் குட்துட்டாங்க. இவ்ளோதாங்க நான் பண்ணது. எனக்கு ரொம்ப வெக்கமா கீதுங்க."

மண்டபம் கைதட்டியது. முதலில் முன்வரிசை, பிறகு எல்லோரும் எழுந்து நின்று.

ஆதித்யா நெகிழ்ந்துபோனார். "இதுதான் நாம் சொல்லும் வெளிப்படைத்தன்மை! ஆனால் ஐயாவுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். வெட்கம் என்பது பழைய உலகத்துச் சரக்கு. மேலே ஒருவர் இருந்து பார்த்தால்தான் வெட்கம் வரும். நம் அமைப்பில் மேலே ஆளே கிடையாது. நான் இந்தப் பொறுப்பில் நான்கு வருடமாக இருக்கிறேன், ஒரு நாள்கூட எனக்கு அது வந்ததில்லை."

மேரி நின்ற இடத்திலிருந்தே சத்தமாகக் கேட்டாள். "எம் பொண்ணுக்கு மூணு மணிக்கு ஃபீஸ் கட்டணும். இந்தக் காசு எப்போ பிரியும்? அத மட்டும் சொல்லுங்க."

பெஞ்சமின் புன்னகை செய்தார். "நல்ல கேள்வி அம்மா. சீட்டில் எந்த ஏடு என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அதை எழுத எங்களுக்கு அரை நாள் போதும். ஆனால் அந்த வரியை எந்தத் தரப்பு முதலில் எழுதுகிறதோ, அதுதான் பிரிந்துபோன தரப்பு என்று ஆகிவிடும். நாங்கள்தான் மூலம். மூலம் தன் பெயரை எதற்கு எழுத வேண்டும்? உங்கள் ஒரு குடும்பத்துக்காக வரலாற்றைத் திருத்தச் சொல்கிறீர்களா?"

"நாங்களும் அதையேதான் சொல்கிறோம்," என்றார் ஆதித்யா. அந்த ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மறுபடி கைதட்டினார்கள்.

அப்பாசாமி படியிறங்கியபோது, மேடையோரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பெண் அவர் சட்டையை இழுத்தாள். அவள் பெயர் ஷபானா. இரண்டு ஏட்டுக்கும் புரோகிராம் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். பிரிவுக்குப் பிறகும் இரு தரப்பும் அவளையே வைத்துக்கொண்டன. சம்பளத்தை மட்டும் மற்றத் தரப்பு கொடுக்கும் என்று இரண்டும் நம்பின.

"அண்ணா, இப்ப ஒரு காசு வந்துச்சு இல்ல, அதைத் தனியா வெக்காதீங்க," என்றாள் மெதுவாக. "அந்தம்மாவோட புது அலையோட சேத்து, எல்லாத்தையும் ஒரே சீட்டா அனுப்புங்க. இந்தக் காசு பழைய ஏட்டுல பொறக்கவே இல்ல. சீட்டு அங்க போனா, இது எந்தக் காசுன்னு மொத்தச் சீட்டையும் தூக்கிப் போட்டுடும். இங்க மட்டும்தான் செல்லும்."

"இத ஏம்மா முன்னாடியே ஒருத்தரும் சொல்லல?"

"எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதி வெக்கறேன்னு மூணு வாட்டி கேட்டேன். எழுதினா பிரிவு நடந்ததை ஒத்துக்கிட்டதா ஆயிடும்னாங்க." அவள் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானாவது உங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயந்துட்டேன்ணா."

அந்த மண்டபத்தில் முகத்தைத் தொங்கப் போட்டிருந்த இரண்டாவது ஆள் அவள்தான்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அப்பாசாமி அனுப்பினார். ஒரு எண் தப்பிப்போய், மறுபடி அடித்தார். மேரியின் ஃபோன் ஒலித்தது. இரண்டாவது டிங் வருகிறதா என்று இருவரும் காத்து நின்றார்கள். பந்தி முடிந்து ஆட்கள் கை கழுவிவிட்டுப் போனார்கள். பழைய அலை அப்பாசாமியிடமே இருந்தது. புதியது மேரியிடம் இருந்தது. மேரி உடனே அதை விற்றாள். பத்து நிமிடத்தில் பேங்கில் பணம் ஏறியதாகச் செய்தி வந்தது. முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான்.

"மேரிம்மா, நானும் மதுராந்தகம் வரேன்," என்றார் அப்பாசாமி. "பொண்ணாண்ட சொல்லணும்."

"நான் சொல்லல," என்றாள் மேரி. "மாமா மாமான்னு கூப்புட்ற ஆளாச்சேன்னு சொல்லல. சொல்றதுன்னா நீயே சொல்லிக்கோ."

ஓட்டுகிறவள் பக்கத்தில் இடம் இருந்தது. அப்பாசாமி பின்னால் ஏறி, ஐஸ் பெட்டியோரம் உட்கார்ந்துகொண்டார். மேரி முன்னால் வரச் சொல்லவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பொன்னாடை தோளிலேயே இருந்தது. கவனித்ததும் அதைச் சுருட்டிக் காலடியில் போட்டார். வழியெல்லாம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இரண்டே முக்காலுக்குக் கல்லூரி வாசல். மேரி உள்ளே ஓடினாள். மூன்று மணிக்குச் சரியாக ஷாரோன் ரசீதை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பாசாமியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"மாமா, நீங்கதான் ஹெல்ப் பண்ணீங்களா? தேங்க்ஸ் மாமா. எங்கம்மாவ நம்பிகினு இருந்தா இன்னிக்கும் கட்டியிருக்க முடியாது."

மேரி சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"உங்கம்மா மேல தப்பு இல்லம்மா," என்றார் அப்பாசாமி. வண்டியில் சொல்லிப் பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "அவங்க ஒரே கையெழுத்துதான் போட்டாங்க. காசு எங்கிட்டதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் வெச்சிருந்தேன். கேட்டப்போ இல்லன்னுட்டேன்."

ஷாரோன் அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். போய் மேரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "போலாம்மா," என்றாள்.

அப்பாசாமி பஸ்ஸில் திரும்பினார். அவரைப் பஸ்ஸில் போகச் சொன்னவர் யாரும் இல்லை. வண்டியில் ஏறச் சொன்னவரும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அறக்கட்டளையிலிருந்து செய்தி வந்தது. 'இன்று நீங்கள் செய்த பரிவர்த்தனை ஒரே ஏட்டில் மட்டும் பதிவாகியுள்ளது. இது வழக்கத்துக்கு மாறானது. ஏழு நாளுக்குள் தக்க விளக்கம் அளிக்காவிட்டால் செம்மல் பட்டம் திரும்பப் பெறப்படும்.' அவர் ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

படாளம் கூட்டுரோட்டில் பஸ் ஆள் ஏற்ற நின்றது. பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பாமலே அவருக்குத் தெரிந்தது. லோடு ஆட்டோ பஸ்ஸை ஒட்டி முன்னேறியது. முன்சீட்டில் ஷாரோன் அம்மாவின் தோளில் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். மேரி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்பாசாமி குனிந்து, சீட்டுக்கு அடியில் எதையோ தேடுகிறவர்போல, வண்டி போகும்வரை தேடிக்கொண்டிருந்தார்.